உரியவர் வராத பொருள்கள்

2007ஆம் ஆண்டு நவம்பர் 17, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியற்காலையில் தொடங்கிய மழை நின்றிருந்தது. ஆனால் நின்றுவிட்டதாக வானம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. புதுச்சேரியின் தனியார் மருத்துவமனை ஒன்றின் பின்கட்டில், சலவை அறைக்கும் ஆக்சிஜன் உருளைக் கொட்டகைக்கும் நடுவே இருந்த ஸ்டோர் அறையில், ஸ்டோர்கீப்பர் புருஷோத்தமன் கணிப்பொறித் திரையில் ஒரு கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்ட தமிழ் அது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்த பிறகே பொருள் பிடிபட்டது.

“சார், உங்க போட்டோவுல 212ஆம் நம்பர் செருப்பு எங்க அப்பாவோடது. வலது செருப்பு வார் அறுந்து பச்சை வலைநூலால தைச்சிருக்கு பாருங்க. அப்பா செப்டம்பர் 11ஆம் தேதி உங்க ஆஸ்பத்திரியில எறந்துட்டாங்க. தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க. ஜெயசித்ரா.”

இந்தக் கடிதம் வருவதற்குக் காரணமான ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். அந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் செருப்போடு போகக் கூடாது. படுத்தபடி கொண்டுவரப்படுகிறவரின் செருப்பை உறவினர் யாராவது கழற்றி வாசலில் போட்டுவிடுவார்கள். உள்ளே போனவர் பிழைத்து வந்தால் செருப்பும் அவரோடு வீட்டுக்குப் போகும். பிழைக்காவிட்டால், அழுதுகொண்டு போகிறவர்களுக்குச் செருப்பின் நினைவு வருவதில்லை. மூன்று நாள் கேட்பாரற்றுக் கிடப்பது ஸ்டோருக்கு வரும், பதிவேட்டில் ஏறும், தொண்ணூறு நாள் அலமாரியில் இருக்கும், பிறகு அப்புறப்படுத்தப்படும். பதிவேட்டின் பெயர் ‘உரியவர் வராத பொருள்கள்’.

தொடக்கத்தில் புருஷோத்தமன் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் எழுதித்தான் வைத்தார். ஒரே மாதத்தில் பதினான்கு இணைகளுக்குக் ‘கறுப்பு, ரப்பர், ஒன்பதாம் எண்’ என்று எழுத நேர்ந்தபோது, அது அடையாளம் அல்ல என்பது அவருக்கு விளங்கியது. அன்றிலிருந்து மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில், அம்மாதம் சேர்ந்த செருப்புகளை வெள்ளைத் துணியில் ஒவ்வோர் இணையாக வைத்து, மருத்துவமனை முத்திரையிட்ட எண் சீட்டைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடிக்கலானார்.

கேமரா அவருடைய மகள் கலைவாணி வாங்கிக் கொடுத்தது. தன் தாய் அமுதவல்லி இறந்த மறு ஆண்டு அவள் கணவனோடு புனேவுக்குக் குடிபோகுமுன், படங்களைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் இணையத்தளம் ஒன்றில் அப்பாவின் பெயரில் கணக்கும் தொடங்கிக் கொடுத்தாள். “தெனம் ஒரு படம் போடுங்கப்பா. நான் அங்கேருந்து பாத்துக்கிறேன்.” அவர் போட்டார். மதில்மேல் காகம், கொடியில் ஒற்றை வேட்டி, ஒரு பக்கம் மட்டும் விரித்த பாய். நான்கு மாதம் அவள் பார்த்தாள். ஐந்தாம் மாதம் அவளுக்கு வேலை கூடிவிட்டது. அவரிடம் மிஞ்சியது ஒரு கேமராவும் ஒரு கணக்குமே. மருத்துவமனைக் கணிப்பொறியோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறக்கிற ஜாதி. பத்திரமாக ஒரு நகல் இருக்கட்டும் என்று செருப்புப் படங்களை அந்தக் கணக்கில் ஏற்றத் தொடங்கினார்.

அவற்றை அந்நியர்கள் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கில் இல்லாத செய்தி. லிஸ்பனிலிருந்து ஒருவர், “எவ்வளவு அமைதியான படங்கள்! உங்கள் நோக்கம் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். “இவை உரியவர் வராத பொருள்கள். உரியவர் வந்தால் திருப்பித் தரப்படும்” என்று புருஷோத்தமன் பதில் எழுதினார். லிஸ்பன்காரர் அதைக் கவிதை என்று எடுத்துக்கொண்டு இருபது பேருக்கு அனுப்பிவிட்டார். பதினொரு மாதத்தில் முந்நூற்றுச் சொச்சம் பாராட்டுகள் வந்தன. ஒன்றுகூடத் தமிழில் இல்லை. ஒருவர்கூடச் செருப்பைக் கேட்கவில்லை.

இப்போது ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். வரிசை எண் 212: பழுப்பு ரப்பர், எட்டாம் எண், பெற்ற நாள் ஆகஸ்ட் 28. உள்நோயாளிகள் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். செப்டம்பர் 11இல் அங்கே இறந்தவர் ஒருவர்தான். மண்ணாங்கட்டி, வயது 61, தேங்காய்த்திட்டு. சேர்த்த நாள் செப்டம்பர் 6, இறந்த நாள் செப்டம்பர் 11. இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்தார். மண்ணாங்கட்டி மருத்துவமனைக்கு வருவதற்கு ஒன்பது நாள் முன்பே 212 அலமாரியில் ஏறிவிட்டது. ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை இருபத்தைந்தாம் தேதியே முடிந்திருந்ததால், அதன் படம் செப்டம்பர்ப் படங்களோடு சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

‘வருந்துகிறோம்’ என்று தொடங்கி நான்கு வரி எழுதினார். நான்கும் பிழையற்றவை. அனுப்பும் நேரத்தில் காவலாளி கொளஞ்சி இரண்டு புதிய இணைகளைக் கயிற்றில் கோத்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“என்னா சார், வெளிநாட்டுல செருப்புக்குப் பரிசு கிரிசு குடுத்துட்டாங்களா? மொகம் ஒரு மாதிரி இருக்குது.”

“212ஐக் கேட்டு ஒரு பொண்ணு எழுதியிருக்கு.”

“குடுத்துத் தொலைங்க சார். எடமாவது மிச்சமாவும்.”

“அவங்க அப்பாவோடது இல்ல அது.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கொளஞ்சி போய்விட்டான்.

புருஷோத்தமன் நான்கு வரியையும் அழித்துவிட்டு, ‘திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கலாம்’ என்று அனுப்பினார். நேரில் சொல்வதே மரியாதை என்று தமக்குத்தாமே காரணம் சொல்லிக்கொண்டார். அந்தக் காரணத்தை அவரே முழுக்க நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போனார். பச்சை நூலால் தைத்த செருப்பு எவ்வளவு அரிது என்று தெரிந்துகொள்வது நோக்கம். ஏலக்கூடத்தின் ஈரத் தரையில் கூடைகளும் கால்களும் நெருக்கியடித்தன. அவர் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு காலாகப் பார்த்து நடந்தார். சங்கரா மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. அவளை எல்லோரும் அங்கம்மாள் என்று கூப்பிட்டார்கள்.

“சாரு, மீனு மேல இருக்குது. கீழ என்னா தேடுற?”

“ஒண்ணுமில்லம்மா. செருப்புப் பாக்குறேன்.”

“செருப்பு வேணும்னா கடைத்தெருவுக்குப் போ. இங்க காலோட சேத்துதான் கெடைக்கும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார். “வார் அறுந்தா இந்தப் பச்சை நூலாலதான் தைப்பாங்களா?”

“பின்ன தங்கக் கம்பியாலயா தெப்பாங்க? இங்க கெடக்குறதே நூலுதான். இந்தா, எம் செருப்பப் பாரு.” அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். பச்சை நூல். அதற்குள் அவர் பதினொன்று எண்ணியிருந்தார், இது பன்னிரண்டு. முடிச்சு உள்ளே இருந்தால் காலைக் கடிக்கும் என்பதால் எல்லாருமே வெளிப்பக்கம்தான் போட்டிருந்தார்கள்.

“மண்ணாங்கட்டின்னு ஒருத்தர்...”

“ஏலம் கூவுறவரா? போய்ச் சேந்துட்டாரே, பாவம். அவரு கொரலு இல்லாம கூடமே ஊமையாப் பூட்ச்சி.” அவள் ஈயை ஓட்டினாள். “செருப்புன்னு சொன்னியே, அந்த மனுஷன் ஏலத்துக்கு நிக்கும்போது செருப்பக் கழட்டிப் போட்டுட்டுதான் நிப்பாரு. போவும்போது எது கால்ல மாட்டுதோ அதுல போயிக்கினே இருப்பாரு. எம் புருஷன் செருப்பே மூணு அவரு கால்ல போயிருக்குது. நீ என்னா அவருக்கு ஒறவா?”

“இல்லம்மா.”

“சிநேகிதமா?”

“இல்ல.”

“அப்ப ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வூட்டுல சும்மா கெடக்காம இங்க என்னா வேல ஒனக்கு?”

அவர் அரைக் கிலோ சங்கரா வாங்கினார். வீட்டில் அதை ஆக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது பேருந்தில் ஏறிய பிறகே நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை மதியம் ஜெயசித்ரா வந்தாள். இருபத்தொன்பது வயது, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், அனுப்புகிற பெட்டிகளுக்குக் கணிப்பொறியில் சீட்டு அடிக்கிற வேலை. அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவர் வெள்ளைத் துணியை மேசையில் விரித்து 212ஐ வைத்தார். அவள் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இதான் சார்.”

“நல்லாப் பாத்துச் சொல்லும்மா. இதே மாதிரி நூல் போட்டது நெறைய இருக்கும்.”

“அப்பா தெச்சது சார். முடிச்ச வெளிப்பக்கமா வெப்பாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்.”

புருஷோத்தமன் தாம் எண்ணிய பன்னிரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “என் படத்த எப்படிக் கண்டுபுடிச்சே?” என்று கேட்டார்.

அவள் சொன்னது இது. மண்ணாங்கட்டியை யாரும் படம் எடுத்ததில்லை. கல்யாணங்களில் எடுக்கும்போது அவர் பந்தியில் இருப்பார். ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த ஒன்றும் மழையில் ஊறி வெளுத்துவிட்டது. அவர் உடுத்திய துணிகளைக் கருமாதிக்குப் பிறகு வழக்கப்படி வெளியே போட்டுவிட்டார்கள். வீட்டில் அவருடையது என்று ஒரு பொருள் இல்லை. அப்போதுதான் அவளுக்குத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களின் ஞாபகம் வந்தது.

“தெனம் வந்து படம் புடிப்பாங்க சார். எதுலயாவது அப்பா ஒரு ஓரமா நின்னுருப்பாருன்னு நெட்டுல தேட ஆரம்பிச்சேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கம்பெனி சிஸ்டத்துல பாப்பேன். ரெண்டாயிரத்து அறுநூறு படம் பாத்துட்டேன். மீனு இருக்குது, பொம்பளைங்க இருக்காங்க, ஒரு நாயி நாப்பது படத்துல இருக்குது. அப்பா இல்ல. ஒண்ணுல மட்டும் ஒரு முழங்கை கெடைச்சுது.”

“முழங்கையா?”

“ஏலம் கூவும்போது கைய இப்டி வெப்பாரு சார்.” வலது உள்ளங்கையைக் காதோரம் வைத்துக் காட்டினாள். “அப்பாதான். சட்டகூட அதே சட்ட.”

“என்ன சட்டை?”

“வெள்ள.”

அவர் தலையை ஆட்டினார்.

“அப்புறம் பாண்டிச்சேரின்னு போட்டு இருந்த எல்லாத்தயும் பாக்க ஆரம்பிச்சேன். அதுல ஒங்களுது வந்துது. இங்க கழட்டிப் போட்டது நான்தான் சார். எடுத்துட்டுப் போவாம வுட்டதும் நான்தான். அப்பாவ வண்டியில ஏத்தும்போது வெறுங்காலு வெளிய தெரிஞ்சுது. அது கண்ணுலயே நிக்குது.” அவள் குரல் மாறவில்லை, பெட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்வதுபோலவே சொன்னாள். “அடுத்த அமாவாசைக்குப் படையல் போடறோம். இத வெக்கணும்னு சொன்னா, எங்க அண்ணன் ஆனந்தராஜு, ‘எவன் செருப்பையோ கொண்டாந்து அப்பா எடத்துல வெப்பியா? அவருதுதான்னு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வா, அப்ப வெக்கலாம்’னு சொல்லிடுச்சு. எழுதிக் குடுப்பீங்களா சார்?”

அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. ‘மேற்கண்ட பொருள் மேற்படி நபருக்கு உரியதென விசாரணையில் கண்டு, கோரிக்கை ஏற்கப்பட்டது / நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி, காரணத்துக்கு இரண்டு வரி, கையொப்பம், முத்திரை. கோரிக்கைப் பகுதியை அவள் நிரப்பினாள். கையெழுத்து அவருடையதைப் போலவே நிமிர்ந்து நின்றது.

“தொண்ணூறு நாள் முடியணும். அதுவரைக்கும் வேற யாரும் கேட்டு வரலாம். இருபத்தாறாந் தேதி முடியுது. இருபத்தேழு வந்து முடிவ வாங்கிக்க.”

“சரி சார்” என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, “சார், உங்க காக்கா படம்கூடப் பாத்தேன். அப்புறம் அந்தப் பாயி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பாயைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை.

அந்த வாரம் அவருக்கு நீளமாக இருந்தது. ஒரு மாலை அந்த முழங்கைப் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். பெரிய கொடுவா மீன் ஒன்று படத்தை அடைத்துக்கிடந்தது. அதன் வாலுக்கு மேலே, ஓரத்தில், ஒரு வெள்ளைக் கையும் மடங்கிய முழங்கையும். காதோரம் வைத்த கையா, தலை சொறியும் கையா என்றுகூடச் சொல்ல முடியாது. அதன் கீழே ஜெயசித்ரா ஒரு வரி எழுதியிருந்தாள்: “நன்றி. இது என் அப்பா.” படம் எடுத்தவர் யாரோ டென்மார்க்காரர். சிரிப்புக் குறி ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார்.

ஞாயிறன்று புனேவுக்குத் தொலைபேசினார். “அந்தப் படம் போடற அக்கவுண்ட்டு இருக்குல்ல, அதப் பாத்து ஒரு பொண்ணு...”

“அதுவா! அது இன்னும் இருக்காப்பா?” என்றாள் கலைவாணி. குக்கர் சத்தம் கேட்டது. “நல்லதுதாம்பா, பொழுது போவும். நான் ராத்திரி பாக்குறேன்.” பார்த்தாளா என்று அவர் தளத்தில் தேடவில்லை. தேடினால் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை, இருபத்தாறாம் தேதி, ஸ்டோர் ஐந்து மணிக்கு மூடும். அவர் ஆறு மணி வரை கதவைத் திறந்து வைத்திருந்தார். 212இன் உண்மையான சொந்தக்காரர் எவராயினும், அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பதே நியாயம் என்று பட்டது. யாரும் வரவில்லை.

மறுநாள் ஜெயசித்ரா பத்து மணிக்கே வந்துவிட்டாள் என்று பிறகு கொளஞ்சி சொன்னான். அரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். ஸ்டோருக்குள் வந்தவள் உட்காரவில்லை.

“சார், தொண்ணூறு நாள்னு சொன்னீங்களே, பின்னாடி எண்ணிப் பாத்தேன். என் வேலையே தேதி போடறதுதான். ஆகஸ்டு இருபத்தெட்டு வருது.”

“ஆமா.”

“அப்பா ஆறாந்தேதிதான சார் இங்க வந்தாரு.”

“ஆமாம்மா.”

அவர் பதிவேட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதை மறைப்பது அவரால் ஆகாது. அவள் படித்தாள். விரலால் வரியைத் தொட்டு, மேல் வரியையும் கீழ் வரியையும் பார்த்தாள். மேலே ஆகஸ்ட் 27. கீழே ஆகஸ்ட் 30. நடுவில் வேறு தேதி நுழைய இடமில்லை என்பதைப் பெட்டிக்குச் சீட்டு அடிக்கிறவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் உருளை ஒன்றை யாரோ தரையில் உருட்டிக்கொண்டு போகும் ஓசை கேட்டு, தேய்ந்து, நின்றது.

“அப்பாவோடது எங்க போயிருக்கும் சார்?”

“வாசல்ல கெடந்த அந்த மூணு நாள்ல யாராவது மாட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க. அடிக்கடி நடக்கும்.”

“அப்பாவும் அப்டித்தான் செய்வாரு” என்றாள் அவள். சிரிப்பு வருவதுபோல வந்து, வராமலே போனது. பதிவேட்டை மூடவில்லை. “ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே. இந்தத் தேதிய நீங்க தப்பா எழுதியிருப்பீங்களா?”

இருபத்தாறு ஆண்டுகளில் எவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ஆண்டுக்கு ஒன்றாக இருபத்தாறு பதிவேடுகளையும் மேசைமேல் அடுக்கிக் காட்டியிருப்பார். அவளைப் பார்த்தார். பதில் தெரியாமல் கேட்கிற முகம் இல்லை அது. இல்லை என்று அவர் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாயிரத்து அறுநூற்றொன்றாவது படத்தைத் திறந்து முழங்கைகளைத் தேடப் போகிற முகம்.

“இருக்கலாம்” என்றார்.

பேனாவைத் திறந்தார். முதலில் பதிவேட்டில், ஆகஸ்ட் 28 என்பதன்மேல் அடிக்கோல் வைத்து ஒரே கோடாக அடித்து, மேலே செப்டம்பர் 14 என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். அந்தப் பக்கத்தில் அது பார்க்க நன்றாக இல்லை. பிறகு படிவத்தை எடுத்தார். ‘நிராகரிக்கப்பட்டது’ என்பதை அடித்தார். காரணம் கேட்ட இரண்டு வரிகளில் எழுதினார்: ‘பதிவேட்டில் பெற்ற நாள் பிழையாக எழுதப்பட்டிருந்தது. பிழை என்னுடையது. வரிசை எண் 212, காலஞ்சென்ற மண்ணாங்கட்டி அவர்களுக்கு உரியது.’ ஒருமுறை படித்துப் பார்த்து, விட்டுப்போன தேதியைச் சேர்த்தார். கையொப்பமிட்டார். முத்திரையை மையில் ஒற்றி, நேராக வைத்து அழுத்தினார். மை காயும்வரை ஊதினார்.

அவள் வலது கையை நீட்டி, பிறகு இடது கையையும் சேர்த்துக்கொண்டாள். அவர் எழுந்து நின்று, தாளை அந்த இரண்டு கைகளிலும் வைத்தார்.